ஹெட என்ன



சிங்களத்தில் ‘ஹெட என்ன’ என்றால் ‘நாளைக்கு வாருங்கள்’ என்று பொருள். மாத்தளைப் பக்கம் பிறந்து வளர்ந்த யாருக்கும் இது தெரியாமல் இருக்காது. ஆனாலும் சின்ன வயதில் அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு கந்தோர்களுக்குப் போகும்போது, யன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அதைச் சொன்னால் என் காதில் ‘என்ன?’ என்ற தமிழ்க் கேள்வியாகவே விழும். அவர் ஏதோ கேட்கிறார், அப்பா ஏன் பதில் சொல்லாமல் திரும்பி நடக்கிறார் என்று குழம்பியிருக்கிறேன்.

போன மாதம் லக்கலவிலிருந்து வந்த ஒரு கடிதம் அந்த யன்னலை மறுபடி நினைவூட்டியது. எழுதியவர் அங்கே தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிறார். அவருடைய தகப்பனார் தும்பறை மலைக் காட்டுக்குள் ஏலக்காய் பறிக்கப் போனவர். காட்டுக்குள் ஏலம் வளர்ப்பதை அரசு நிறுத்தியபோது மலையிலிருந்து இறங்கிப் பல்லேகமவில் ஒரு பலகைக் கடை போட்டார். மகன் காலத்தில் அது கல்லுக் கடையானது. பிறகு அந்தக் கடை இருந்த இடம் நீர்த்தேக்கத்துக்குள் போனது, இழப்பீடாகக் கொஞ்சம் காசு கிடைத்தது. கடிதத்தில் ஒரு வரி என்னை நிறுத்தி வைத்தது. “காசு கூடவா குறையவா என்று சண்டை பிடிக்க எழுதவில்லை ஐயா, அந்தக் காசுக்கு எப்படிக் கணக்குப் போட்டார்கள் என்று பார்க்க ஆசையாக இருக்கிறது.” பல வருடமாகக் கேட்கிறாராம். கிடைத்த பதில் எது என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். எந்தக் கந்தோர் என்று அவரும் எழுதவில்லை, நானும் எழுதப்போவதில்லை.

தபாலில் பதில் போட்டிருக்கலாம். ஆனால் லக்கலவுக்குப் போக ஒரு சாட்டு கிடைத்தால் விடலாமா? மாத்தளையிலிருந்து இறத்தோட்டை, அங்கிருந்து ரிவஸ்டன் ஏற்றம். பனி விலகினால் பிட்டவல பத்தனையின் புல்வெளி தெரியும். பிறகு இலுக்கும்புர, அதற்கப்பால் பாதை இறங்கிக்கொண்டே போகும். முன்பு அந்த இறக்கம் முடிகிற இடத்தில் பல்லேகம இருந்தது. இப்போது களு கங்கைத் தண்ணீர் இருக்கிறது.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். களு கங்கை என்றதும் பலருக்கு இரத்தினபுரியும் களுத்துறையும்தான் ஞாபகம் வரும். இது வேறு. நக்கிள்ஸ் என்று நாம் சொல்லும் தும்பறை மலைத்தொடரில் பிறந்து அம்பன் கங்கையில் சேரும் சிறிய ஆறு. மொரகஹகந்த நீர்த்தேக்கமும் களு கங்கை நீர்த்தேக்கமும் சேர்ந்து ஒரே திட்டம். களு கங்கைத் தண்ணீர் மலையைக் குடைந்த வழியாக மொரகஹகந்தவுக்குப் போய், அங்கிருந்து வடமத்திய மாகாணத்துக் குளங்களை நோக்கிப் போகிறது. மொரகஹகந்தவில் 2017 ஜனவரியிலும் களு கங்கையில் 2018 ஜூலையிலும் நீர் நிரப்பத் தொடங்கினார்கள். பழைய ஊருக்குப் பதிலாகக் கட்டிய லக்கல புதிய நகரம் 2019 ஜனவரியில் திறக்கப்பட்டது. பிரதேச செயலகம், பஸ் நிலையம், கடைத்தொகுதி எல்லாம் வரிசையாக இருக்கின்றன. அழகான ஊர்தான், குறை சொல்ல மாட்டேன். அநுராதபுரத்து விவசாயிக்குத் தண்ணீர் போவதிலும் எனக்கு மகிழ்ச்சியே. தண்ணீருக்காக இடம் விட்டவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். கடைக்காரரின் வாயிலிருந்தும் திட்டத்தை எதிர்த்து ஒரு சொல் வரவில்லை.

தேத்தண்ணி வைத்துவிட்டு ஒரு துணிப்பையை எடுத்து வந்தார். உள்ளே பிளாஸ்டிக் உறையில் மகஜர்கள். மூன்று ஜனாதிபதிகளுக்கு எழுதியிருக்கிறார். அமைச்சர்களுக்கும் எதிர்க்கட்சித் தலைவருக்கும் பிரதிகள் போயிருக்கின்றன. நம் ஆட்கள் மகஜர் எழுதும் கலையில் தேர்ந்தவர்கள். ‘மேன்மை தங்கிய’ என்று தொடங்கி, குடும்ப வரலாறு சொல்லி, ஏழைகளின் கண்ணீர் வரை போய், ‘என்றும் கடமைப்பட்டுள்ளேன்’ என்று முடியும். படித்தால் எனக்கே கண் கலங்குகிறது.

“அண்ணே, இதிலே கேள்வி எங்கே இருக்கு?” என்று கேட்டேன்.

“முழுக்கக் கேள்விதானே ஐயா” என்றார்.

இல்லை. முழுக்கக் கோரிக்கை. நியாயம் தரச் சொல்லும் கோரிக்கையைக் கந்தோர் ஒன்று எந்தக் கோவையிலும் போட்டு வைக்கலாம். ‘நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டது’ என்று ஒரு வரி எழுதி அடுத்த கந்தோருக்குத் தள்ளலாம். பதில் சொல்லக் கெடு இல்லை. ஆனால் ‘இன்ன தாளின் பிரதியைத் தாருங்கள்’ என்று எழுதினால் அது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குள் வந்துவிடுகிறது. அங்கே கெடு உண்டு.

இருவரும் உட்கார்ந்து கடிதத்தைத் திருப்பி எழுதினோம். முக்கால் மணி நேரம் எடுத்தது, அதில் பெரும்பகுதி வெட்டுவதற்கே. ‘எங்கள் தகப்பனார் காலத்திலிருந்து’ என்பதை வெட்டினேன். அவருக்கு மனம் வரவில்லை. ‘ஏன் எனக்கு மட்டும் குறைத்தார்கள்’ என்பதையும் வெட்டினேன். அது கேள்விதான். ஆனால் ‘ஏன்’ என்ற கேள்விக்குக் கோவையில் தாள் இருக்காது, இல்லாத தாளைக் கேட்டால் இல்லை என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். கடைசியில் மூன்றே விடயங்கள் எஞ்சின. பல்லேகமவில் இருந்த என் கடைக்குச் செய்யப்பட்ட மதிப்பீட்டு அறிக்கையின் பிரதி. அந்த மதிப்பீட்டுக்கு எந்தச் சுற்றறிக்கையின்படி விலை வீதம் எடுத்தார்களோ அதன் பிரதி. இழப்பீட்டை முடிவு செய்த குழுவின் கூட்டக் குறிப்பில் என் பெயர் வரும் பக்கத்தின் பிரதி. கீழே பெயர், முகவரி, திகதி, கையெழுத்து. அரைப் பக்கம்கூட இல்லை. “இவ்வளவுதானா?” என்று கொஞ்சம் ஏமாற்றத்தோடு கேட்டார். கண்ணீர் இல்லாத கடிதத்தை அவர் அதுவரை அரசுக்கு எழுதியதில்லை.

இனி அந்தச் சட்டம் என்ன சொல்கிறது என்று உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். அரச நிறுவனம் ஒவ்வொன்றிலும் ஒரு தகவல் அலுவலர் இருக்க வேண்டும். பிரதேச சபையிலும் மாகாணத் திணைக்களத்திலும் கூட்டுத்தாபனத்திலும் அப்படியே. கேட்பவர் இலங்கைப் பிரஜையாக இருந்தால் போதும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று அலுவலர் கேட்கக் கூடாது. இதைத் தடித்த எழுத்தில் அச்சிட ஆசை, ஏனென்றால் நம்மவர்கள் முதல் வரியிலேயே காரணம் சொல்லத் தொடங்கிவிடுகிறோம். விண்ணப்பப் படிவம் உண்டு, ஆனால் சாதாரணக் கடிதமும் செல்லும். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் அலுவலர் அதை எழுதிக்கொள்ள வேண்டும். கிடைத்ததற்கு எழுத்தில் அத்தாட்சி தர வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தருகிறோம், தரமாட்டோம் என்ற முடிவைச் சொல்ல வேண்டும். தருவதென்றால் கட்டணம் கட்டியதிலிருந்து 14 நாட்களில் கையில் வர வேண்டும். தாள்கள் மலைபோல் இருந்தால் காரணம் சொல்லி 21 நாட்கள் வரை நீட்டலாம். விண்ணப்பிக்கக் காசு இல்லை. சட்டத்தின் கீழ் வந்த வர்த்தமானி விதிகளில் ஏ4 தாளின் ஒரு பக்கப் பிரதிக்கு 2 ரூபாய் போட்டார்கள். இன்றைக்குக் கடையில் 2 ரூபாய்க்கு ஒரு டொபி வாங்க முடியுமா?

மறுத்தால், அல்லது பேசாமல் இருந்தால், 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு. அவரும் கைவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் கொழும்பில் உள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. இந்த ஏணி எப்போதும் வேகமாக ஏறக்கூடியது என்று பொய் சொல்ல மாட்டேன். சொத்து விபரம் கொடுத்த பாராளுமன்ற உறுப்பினர்கள் யார் யார் என்ற வெறும் பெயர்ப் பட்டியலை ஒரு பத்திரிகையாளர் 2018இல் கேட்டார். பாராளுமன்றம் மறுத்தது. ஆணைக்குழு கொடுக்கச் சொன்னது. மேன்முறையீட்டு நீதிமன்றம் ஆணைக்குழு சொன்னது சரி என்று தீர்ப்பளித்தபோது 2023 பெப்ரவரி முடிந்துகொண்டிருந்தது. ஆனால் நம் பிரச்சினைகள் அவ்வளவு பெரிய கதவுகளைத் தட்டுவதில்லை. ஒரு மதிப்பீட்டு அறிக்கை, ஒரு பயனாளிப் பட்டியல், ஒரு பாதைக்கு ஒதுக்கிய காசு. இவற்றில் பலவற்றுக்கு முதல் கடிதமே போதும்.

யன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்காகவும் கொஞ்சம் பேச வேண்டும். அவர் தலைக்கு மேல் தாபனக் கோவை தொங்குகிறது. அரச ஊழியர் எப்படி நடக்க வேண்டும், எந்த லீவு எப்படி எடுக்க வேண்டும், யார் யாரிடம் பேசலாம் என்றெல்லாம் சொல்லும் நிர்வாக விதிப் புத்தகம். அதன் 47ஆம் அத்தியாயம் உத்தியோக விடயங்களைத் தன் பாட்டுக்கு வெளியே சொல்லக் கூடாது, அது திணைக்களத் தலைவர் போன்ற பெரியவர்களின் வேலை என்கிறது. முப்பது வருடம் அந்தப் பயத்தில் வேலை செய்த எழுதுவினைஞர் ஒருவர் ஒரு தாளைக் கொடுக்கக் கை நடுங்கினால் அவரைக் குறை சொல்லி என்ன பயன்? ஆனால் புதிய சட்டம் அவருக்கும் ஒரு கவசம் தந்திருக்கிறது. 40ஆம் பிரிவின்படி, இச்சட்டம் அனுமதித்த தகவலைக் கொடுத்ததற்காக எந்த அலுவலரையும் தண்டிக்க முடியாது. 4ஆம் பிரிவின்படி, வேறு எழுதப்பட்ட சட்டம் எதனோடு முரண்பட்டாலும் இதுவே மேலோங்கும். உங்கள் கடிதத்தின் தலைப்பில் சட்டத்தின் பெயரையும் இலக்கத்தையும் எழுதுங்கள். அதை அவர் மேலதிகாரியிடம் தூக்கிக் காட்டலாம். ‘நானாகக் கொடுக்கவில்லை ஐயா, சட்டம் கேட்கிறது’ என்று சொல்லலாம். பல இடங்களில் அந்தக் கீழ்நிலை ஊழியரும் இப்படியொரு தாளுக்காகத்தான் காத்திருக்கிறார்.

அலுவலர்கள் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பதை மக்கள் கண்ணில் படும்படி எழுதி வைப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. லக்கலவிலிருந்து தென்கிழக்கே மகாவலியைத் தாண்டினால் மகியங்கனை. 10ஆம் நூற்றாண்டில் அரசன் அங்கே வழிபட வந்தபோது, ஹோபிட்டிகம சந்தைக்காரர்களும் குடிகளும் போய் முறையிட்டார்கள். முன்பிருந்த விதிகளை மீறி அதிகாரிகள் தங்களிடம் பறிக்கிறார்கள் என்று. அரசன் விதிகளைத் தீர்மானித்துத் தூணில் வெட்டச் சொன்னான். சொரபொர குளத்துப் பக்கம் கிடைத்த அந்தத் தூண் இப்போது பதுளையில் நிற்கிறது. போயா தினத்தில் கடை திறக்கக் கூடாது என்பதுவரை அதில் இருக்கிறது. ஏறக்குறைய அதே காலத்தில் சோழர் ஆட்சியிலிருந்த உத்திரமேரூரில், கணக்குக் காட்டாதவன் ஊர்ச் சபையின் வாரியத்துக்கு நிற்க முடியாது, அவன் உறவினரும் நிற்க முடியாது என்று கோயில் சுவரில் வெட்டினார்கள். உறவினரையும் சேர்த்த அந்த ஊராரின் முன்யோசனையை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, பெருமூச்சும் வருகிறது.

நம் காலத்திலும் தமிழ் நிலத்துக்கு இதில் ஒரு முதலிடம் உண்டு. இந்திய மாநிலங்களில் தகவல் உரிமைக்குச் சட்டம் செய்த முதல் மாநிலம் தமிழ்நாடு, 1997இல். ஆனால் விலக்குகளின் பட்டியல் நீளமாக இருந்ததால் அந்தச் சட்டம் பேருக்குத்தான் இருந்தது. தகவல் உரிமைக்கு உயிரூட்டியவர்கள் ராஜஸ்தானத்துக் கூலித் தொழிலாளர்கள். வறட்சி நிவாரண வேலையின் சம்பளப் பட்டியலைக் காட்டு என்று கேட்டு, கிராமத்து மக்கள் நடுவே அதை உரக்க வாசித்தார்கள். வேலைக்கே வராதவர்கள் பெயரில் சம்பளம் போயிருந்தது. 1996இல் பியாவர் நகரில் நாற்பது நாட்கள் தெருவில் உட்கார்ந்தார்கள். அந்தப் பட்டியலிலிருந்துதான் 2005ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் பிறந்தது. செக்ரோல் என்ற தோட்டத்துச் சம்பளப் பதிவைத் தெரிந்த நமக்கு இதை விளக்கவே தேவையில்லை.

இலங்கையில் பாதை வளைந்து வந்தது. 2004இல் பாராளுமன்றம் கலைக்கப்பட்டதோடு ஒரு சட்டமூலம் கிடப்பில் போனது. 2011இல் எதிர்க்கட்சி உறுப்பினர் கரு ஜயசூரிய கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம் தோற்கடிக்கப்பட்டது. இடையில் காலிமுகத் திடலைத் தனியாருக்குக் கொடுக்கும் உடன்படிக்கையைக் காட்ட மறுத்த வழக்கில், உயர் நீதிமன்றம் 2005இல் பேச்சுரிமைக்குள் தகவல் பெறும் உரிமையும் அடங்கும் என்றது. 19ஆவது திருத்தம் 2015இல் அதை 14அ உறுப்புரையாக அரசியலமைப்பிலேயே எழுதியது. 2016 ஜூனில் பாராளுமன்றம் ஒருமனதாகச் சட்டத்தை நிறைவேற்றியது. நடைமுறைக்கு வந்தது 2017 பெப்ரவரி 3ஆம் திகதி.

திகதியைக் கவனித்தீர்களா? மொரகஹகந்தவில் நீர் ஏறத் தொடங்கிய அடுத்த மாதம். இந்தச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, எந்தத் திட்டமும் தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்னதாக, பாதிக்கப்படக்கூடிய மக்களுக்கு அமைச்சர் தன்னிடமுள்ள தகவல் எல்லாவற்றையும் அறிவிக்க வேண்டும் என்கிறது. வெளிநாட்டுக் காசில் ஒரு லட்சம் அமெரிக்க டொலருக்கும் உள்நாட்டுக் காசில் 5 லட்சம் ரூபாய்க்கும் மேற்பட்ட திட்டம் எல்லாம் இதில் அடங்கும். அவசரத் திட்டமானாலும் ஒரு வாரம் முன்னதாகச் சொல்ல வேண்டும். நம் ஊர்களில் ஒரு திட்டம் வருவது முதலில் தெரிவது நில அளவைக்காரர் அடிக்கும் ஆப்பில்தான். என் கணிப்பில் முழுச் சட்டத்திலும் மிகக் குறைவாகப் பயன்படும் பிரிவு இதுதான். பல்லேகமவுக்கு அது பிந்திவிட்டது. உங்கள் ஊருக்கு வரும் அடுத்த பாதைக்கும் அடுத்த அணைக்கும் பிந்தவில்லை.

மொழி விடயம் ஒன்று. மத்திய மாகாணத்தில் சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதியிலும் அரச அலுவலரோடு தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. கடைக்காரர் சிங்களம் நன்றாகப் பேசுவார், எழுத வராது. தமிழிலேயே எழுதினோம். மொழியுரிமை மீறப்பட்டால் முறையிடுவதற்கென்று அரசு ஒரு காலத்தில் ஒரு குறுகிய தொலைபேசி இலக்கம் தந்தது. அந்த இலக்கம் 1956. தனிச் சிங்களச் சட்டம் வந்த ஆண்டு. யோசித்து வைத்தார்களா, யோசிக்காமல் வைத்தார்களா?

டித்வா புயலுக்குப் பிறகு மாத்தளை, இறத்தோட்டைப் பக்கத்து வாசகர்கள் பலர் நிவாரணப் பட்டியல் பற்றியும், தங்கள் லயத்துக்குப் பின்னால் உள்ள மண்மேடு பற்றியும் எழுதுகிறீர்கள். பட்டியலைக் கேட்கலாம். மண்மேட்டை ஆராய்ந்த அறிக்கை இருந்தால் அதையும் கேட்கலாம். உயிரோடும் தனிமனித சுதந்திரத்தோடும் சம்பந்தப்பட்ட தகவலுக்கு 48 மணி நேரத்தில் பதில் வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கடிதத்தில் அந்த வரியைக் குறிப்பிடத் தவறாதீர்கள்.

லக்கலவுக்கு நான் ஓடிப் போனதற்கு ஆசை மட்டுமல்ல, ஒரு அவசரமும் காரணம். சட்டம் நடைமுறைக்கு வந்த நாளில் இருந்த பழைய ஆவணங்களை அன்றிலிருந்து குறைந்தது பத்து வருடம் பேண வேண்டும் என்கிறது 7ஆம் பிரிவு. புதிய ஆவணங்களுக்குப் பன்னிரண்டு வருடம். அந்தப் பத்து வருடம் 2027 பெப்ரவரியில் நிறைகிறது. மறுநாளே யாரும் கோவைகளைக் கொளுத்தப் போவதில்லை, காணிக் கோவைகளுக்கு வேறு பாதுகாப்புகளும் உண்டு. ஆனால் கந்தோர்கள் இடம் மாறுகின்றன, கறையானும் மழையும் சுற்றறிக்கை பார்த்து வருவதில்லை. களு கங்கைக்கும் மொரகஹகந்தவுக்கும் காணி விட்டவர்களின் அளவைக் குறிப்பு, மதிப்பீடு, கூட்டக் குறிப்பு எல்லாம் பெரும்பாலும் 2017க்கு முந்திய தாள்கள். கேட்க நினைப்பவர்கள் அந்த மாதத்துக்கு முன் கேட்டுவிடுங்கள். எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் நமக்கு அனுப்புங்கள். வெட்டித் தருகிறோம், காசு வேண்டாம்.

கடைக்காரர் கடிதத்தைப் பதிவுத் தபாலில் போட்டார். ஐந்தாம் நாள் அத்தாட்சித் துண்டு வந்ததாகத் தொலைபேசியில் சொன்னார். குரலில் மகஜர் இல்லை. கல்லாவுக்கு மேலே தொங்கும் நாட்காட்டியில் சனி, ஞாயிறு, போயா மூன்றையும் கழித்துவிட்டு மிச்ச நாட்களைப் பேனையால் வட்டமிட்டு வருகிறாராம். இந்த இதழ் அச்சுக்குப் போகும் இன்று பதினொன்றாவது வட்டம்.

அன்புடன்,
ஆசிரியர்